டிடிஆர்3 காலத்துக் கேமிங் கணினியில் ரேம் கூட்டும் முறை

என் மேசையில் இருக்கும் கணினி 2012-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இன்டெல் ஐ5-3470 பிராசஸர், பி75 சிப்செட் (போர்டின் பாகங்களை இணைக்கும் சிப்) கொண்ட மதர்போர்டு, பின்னாளில் வாங்கிப் பொருத்திய ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கிராஃபிக்ஸ் கார்டு. வாங்கியபோது 4 ஜிபி ரேம் இருந்தது; இரண்டு ஆண்டு கழித்து இன்னொரு 4 ஜிபி சேர்த்தேன்; அண்மையில் அவை இரண்டையும் எடுத்துவிட்டு 16 ஜிபி ஆக்கினேன். 2011 முதல் 2015 வரை கேமிங்குக்கென்று கூட்டிய கணினிகளில் பெரும்பாலானவை ஏறக்குறைய இதே வகைதான். இரண்டாம், மூன்றாம், நான்காம் தலைமுறை இன்டெல் கோர் பிராசஸரோ, ஏஎம்டியின் எஃப்எக்ஸ் வரிசையோ அவற்றில் இருக்கும். எல்லாவற்றுக்கும் பொதுவானது டிடிஆர்3 ரேம். அப்படி ஒரு கணினியை வைத்திருப்பவர்களுக்காக, வாங்குவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியதையும் பொருத்தும்போது கைக்கொள்ள வேண்டிய ஒழுங்கையும் இங்கே எழுதுகிறேன். பொருத்தும் வேலை பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். சரியான ரேமைத் தேர்ந்தெடுப்பதிலும் பொருத்திய பின் சோதிப்பதிலும்தான் பலர் சறுக்குகிறார்கள் என்பதால், அந்த இரண்டைப் பற்றியும் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

குறை ரேமில்தானா?

முதலில் இதை உறுதி செய்துகொள்ளுங்கள். வழக்கமாக ஆடும் விளையாட்டைத் திறந்து அரை மணி நேரம் ஆடுங்கள். ஆட்டத்தை மூடாமலே ஆல்ட், டேப் விசைகளை அழுத்தி வெளியே வந்து டாஸ்க் மேனேஜரில் நினைவகப் பக்கத்தைப் பாருங்கள். 8 ஜிபியில் ஏழரை ஜிபிக்கு மேல் நிரம்பியிருந்து, அதே வேளையில் வட்டின் பயன்பாடும் 100 விழுக்காட்டைத் தொட்டுக்கொண்டிருந்தால் பற்றாக்குறை ரேமில்தான். இடம் போதாமல் விண்டோஸ் நினைவகத்தில் இருப்பதைப் பகுதி பகுதியாக வட்டுக்கு மாற்றுவதும், தேவைப்படும்போது திரும்ப எடுப்பதுமாக இருக்கிறது என்று பொருள். விளையாட்டில் இது எப்படித் தெரியும் என்றால், நேராகப் போகும்வரை எல்லாம் சரியாக ஓடும். ஒரு தெரு முனையில் திரும்பும்போதோ புதிய இடத்துக்குள் நுழையும்போதோ படம் அரை நொடி உறைந்து நின்று பிறகு நகரும். அந்த நேரத்தில் கேபினெட்டின் முகப்பிலுள்ள வட்டு விளக்கு அணையாமல் எரிந்துகொண்டிருக்கும்.

ஆனால் கிராஃபிக்ஸ் கார்டு 99 விழுக்காட்டில் நிற்கிறது, ரேமில் இரண்டு மூன்று ஜிபி காலியாக இருக்கிறது என்றால், ரேம் கூட்டுவதால் பயன் இராது. பிராசஸர் முழு மூச்சில் ஓடிக்கொண்டிருந்தாலும் அப்படியே. ரேம் கூட்டினால் சராசரி ஃபிரேம் எண்ணிக்கை துள்ளி ஏறிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். திக்கித் திக்கி நிற்பது போகும். ஆட்டம் சீராக ஓடும். 8 ஜிபியில் தடுமாறிக்கொண்டிருந்தவருக்கு அதுவே பெரிய மாற்றம்தான்.

விளையாட்டைப் பொறுத்தும் தேவை மாறும். வேலொரண்ட் 4 ஜிபியிலேயே ஓடும் என்று அதன் தயாரிப்பாளர்கள் அறிவித்திருக்கிறார்கள். எல்டன் ரிங் குறைந்தபட்சம் 12 ஜிபி கேட்கிறது. ஹாக்வார்ட்ஸ் லெகசி 16 ஜிபி கேட்கிறது. 2015-இல் கணினிக்கு வந்த ஜிடிஏ 5-க்கு 8 ஜிபி பரிந்துரைக்கப்பட்டது. அன்றைக்கு 8 ஜிபி என்பது தாராளம். இன்று விண்டோஸும் பின்னணியில் திறந்து கிடக்கும் பிரவுசருமே அதில் மூன்று நான்கு ஜிபியை எடுத்துக்கொள்கின்றன. ஆகவே இந்த வகைக் கணினிக்கு 16 ஜிபி என்பதே என் கணிப்பில் பொருத்தமான அளவு. இந்த பிராசஸர்களும் அவற்றோடு பொருந்தும் கிராஃபிக்ஸ் கார்டுகளும் தாங்கும் விளையாட்டுகளில் 32 ஜிபிக்கு வேலை வருவது அரிது.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் இன்னும் ஹார்ட் டிஸ்க்கிலிருந்தே ஓடிக்கொண்டிருந்து, கையில் இருக்கும் பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால், முதலில் ஒரு எஸ்எஸ்டி வாங்குங்கள். ரேமை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்.

விண்டோஸ் 32 பிட் பதிப்பாக இருந்தால் 4 ஜிபிக்கு மேல் எவ்வளவு போட்டாலும் அது பயன்படுத்தாது. விண்டோஸ் 7 ஹோம் பேசிக் 64 பிட் பதிப்பு 8 ஜிபியோடும், ஹோம் பிரீமியம் 16 ஜிபியோடும் நின்றுவிடும். விண்டோஸ் 10-இன் 64 பிட் பதிப்புகளில் நம் தேவைக்கு எட்டும் அளவில் இத்தகைய வரம்பு எதுவும் இல்லை.

மதர்போர்டு எதை ஏற்கும்?

டிடிஆர்3 ரேமில் 240 தொடுமுனைகள் இருக்கும், 1.5 வோல்ட்டில் இயங்கும். அடுத்து வந்த டிடிஆர்4-இல் 288 முனைகள், 1.2 வோல்ட். அடிவிளிம்பில் உள்ள வெட்டு ஒவ்வொரு தலைமுறையிலும் வேறு வேறு இடத்தில் இருப்பதால் ஒன்றின் ஸ்லாட்டில் மற்றொன்று நுழையாது. டிடிஆர்2-க்கும் 240 முனைகள்தான் என்றாலும் அதன் வெட்டும் இடம் மாறியது. எனவே முனைகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்து வாங்கிவிடக் கூடாது.

பிறகு சிப்செட். மதர்போர்டின் மாடல் எண் அதன் மேலேயே அச்சிட்டிருக்கும். கணினியைத் திறக்காமல் அறிய வேண்டுமானால் சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளில் மெயின்போர்டு பக்கத்தில் பார்க்கலாம். எச்61, எச்81 சிப்செட் போர்டுகளில் பொதுவாக இரண்டே ஸ்லாட், உச்ச அளவு 16 ஜிபி. பி75, எச்77, இசட்77, பி85, இசட்87, இசட்97 போன்றவற்றில் பெரும்பாலும் நான்கு ஸ்லாட்டுகளும் 32 ஜிபி வரை இடமும் உண்டு. இருந்தாலும், ஒரே சிப்செட்டில் சிறிய போர்டுகளும் வந்திருப்பதால், தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் மாடலின் பக்கத்தைத் திறந்து பார்த்துவிடுவது நல்லது. முதல் தலைமுறை ஐ7-920 போன்ற எல்ஜிஏ 1366 கணினி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் கணக்கு வேறு. அதில் பிராசஸர் நினைவகத்தோடு பேச மூன்று சேனல்கள் (தரவு வழிகள்) இருப்பதால் ரேமையும் மூன்று மூன்றாகப் போட வேண்டும்.

இந்த இன்டெல் கணினிகளில் ஒரு ஸ்டிக்கின் (ரேம் பலகையின்) உச்ச அளவு 8 ஜிபி என்பதை மறக்க வேண்டாம். 16 ஜிபி கொண்ட ஒற்றை டிடிஆர்3 ஸ்டிக்குகளும் சந்தையில் கிடைக்கின்றன. அவற்றில் உள்ள 8 ஜிகாபிட் சிப்புகளை இரண்டாம் முதல் நான்காம் தலைமுறை வரையிலான இன்டெல் டெஸ்க்டாப் பிராசஸர்களின் நினைவகக் கட்டுப்படுத்திக்குக் கையாளத் தெரியாது. ஆகவே 16 ஜிபி வேண்டுமானால் இரண்டு 8 ஜிபி ஸ்டிக்குகளோ நான்கு 4 ஜிபி ஸ்டிக்குகளோதான்.

ஆறாம் தலைமுறைப் பிராசஸர் கொண்டவர்கள் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். அந்தத் தலைமுறைக்குச் சில போர்டுகள் டிடிஆர்4 ஸ்லாட்டோடும், சில டிடிஆர்3எல் (குறைந்த வோல்ட் டிடிஆர்3) ஸ்லாட்டோடும் வந்தன. பின்னதில் 1.35 வோல்ட் ரேமையே போட வேண்டும், பழைய 1.5 வோல்ட் ஸ்டிக் உடல்ரீதியாகப் பொருந்தினாலும் அந்தப் பிராசஸருக்கு அது ஏற்றதல்ல. மூன்றாம், நான்காம் தலைமுறையில் இந்தச் சிக்கல் இல்லை. 1.35 வோல்ட் ஸ்டிக்குகள் பெரும்பாலும் 1.5 வோல்ட்டிலும் இயங்கக்கூடியவை என்பதால் இரண்டு வகையும் ஓடும்.

ஸ்டிக்கரைப் படிக்கும் வழி

கடைக்காரர் சொல்வதைவிட ரேமின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் தெளிவாகப் பேசும். என் கையில் இருக்கும் ஒன்றில் 8ஜிபி 2ஆர்×8 பிசி3-12800யு-11 என்று அச்சிட்டிருக்கிறது. இதை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம்.

பிசி3 என்றால் டிடிஆர்3. பிசி3எல் என்றிருந்தால் 1.35 வோல்ட் வகை. 12800 என்பது நொடிக்கு இத்தனை மெகாபைட் கடத்தும் என்பதைக் குறிக்கிறது. அதை எட்டால் வகுத்தால் 1600, அதுதான் நாம் வழக்கமாகச் சொல்லும் வேகம். 10600 என்றிருந்தால் 1333. அடுத்து வரும் ஓரெழுத்துதான் மிக முக்கியம். யு என்றால் சாதாரண டெஸ்க்டாப் ரேம். ஆர் என்றால் சர்வர்களில் போடும் ரெஜிஸ்டர்டு ரேம். நம் போர்டுகளில் அது ஓடவே ஓடாது. எஸ் என்றால் லேப்டாப் ரேம். சர்வர்களிலிருந்து கழற்றிய ரெஜிஸ்டர்டு ஸ்டிக்குகள் மிக மலிவாகக் கிடைக்கும். நீளமும் வெட்டும் ஒன்றேயாக இருப்பதால் ஸ்லாட்டிலும் உட்காரும். திரையில் மட்டும் ஒன்றும் வராது. மலிவு விலையைக் கண்டதும் இந்த ஓரெழுத்தைத் தேடிப் பாருங்கள்.

கடைசியில் உள்ள 11 என்பது சிஎல் எனப்படும் தாமதம். 1600 வேகத்தில் சிஎல் 11 என்றால் 13.75 நானோ நொடி. சிஎல் 9 என்றால் 11.25 நானோ நொடி. இரண்டும் ஒரே விலைக்குக் கிடைத்தால் சிஎல் 9 எடுங்கள். அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்குமளவு வேறுபாடு விளையாட்டில் தெரியாது. வேகத்துக்கும் இதுவே பொருந்தும். ஐ5-3470 அதிகாரபூர்வமாக ஏற்பது 1600 வரை. இரண்டாம் தலைமுறை ஐ5-2400 ஏற்பது 1333 வரை. 2133, 2400 என்று அச்சிட்ட பளபளப்பான ஸ்டிக்குகளைப் போட்டாலும் அவை பெரும்பாலும் போர்டின் வேகத்துக்கு இறங்கித்தான் ஓடும்.

இனி 2ஆர்×8. ஒவ்வொரு சிப்பும் ஒரு நேரத்தில் 8 பிட் தருகிறது என்பதை ×8 சொல்கிறது. எட்டுச் சிப்புகள் சேர்ந்தால் 64 பிட். பக்கத்துக்கு எட்டாக இரு பக்கமும் இருப்பதால் இரண்டு அணி, அதாவது 2ஆர். இதை ஏன் விளக்குகிறேன் என்றால், 'ஏஎம்டி கணினிக்கு மட்டும்' என்ற குறிப்போடு 8 ஜிபி டிடிஆர்3 ஸ்டிக்குகள் குறைந்த விலையில் விற்கப்படுகின்றன. அவற்றில் ×4 சிப்புகள் இருக்கும். ஏஎம்டியின் ஏஎம்3+ போன்ற போர்டுகளில் அவை ஓடும். இன்டெல் டெஸ்க்டாப் போர்டுகளில் ஓடாது. இணையக் கடையில் படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் அந்தக் குறிப்பு இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் செலுத்துங்கள். எஃப்எக்ஸ் பிராசஸர் வைத்திருப்பவர்கள்கூட இதைத் தவிர்ப்பதே நல்லது. நாளைக்கு வேறு கணினிக்கு மாற்றவும் முடியாது, விற்கவும் முடியாது.

இரண்டாகவே வாங்குங்கள்

இந்தத் தலைமுறைப் பிராசஸர்களுக்கு நினைவகத்தோடு பேச இரண்டு சேனல்கள் உண்டு. ஒற்றை ஸ்டிக் போட்டால் ஒரு சேனல்தான் வேலை செய்யும். 1600 வேகத்தில் நொடிக்கு 12.8 ஜிபி. இரண்டு சேனலிலும் ஒவ்வொன்று போட்டால் 25.6 ஜிபி. ஒரு 8 ஜிபி ஸ்டிக்கைவிட இரண்டு 4 ஜிபி ஸ்டிக்குகள் மேலானவை என்று சொல்வது இதனால்தான். தனிக் கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல் பிராசஸரோடு வரும் கிராஃபிக்ஸிலேயே ஆடுபவர்களுக்கு இந்த வேறுபாடு கண்கூடாகத் தெரியும், ஏனென்றால் அந்தக் கிராஃபிக்ஸுக்கும் இதே ரேம்தான் நினைவகம்.

ஏற்கெனவே 4 ஜிபி ஸ்டிக்குகள் இரண்டு இருந்து, இன்னும் இரண்டு ஸ்லாட் காலியாக இருந்தால், அதே வேகமும் அதே அமைப்பும் கொண்ட இன்னும் இரண்டு 4 ஜிபி ஸ்டிக்குகளை வாங்கிச் சேர்ப்பதே செலவு குறைந்த வழி. வெவ்வேறு வேகத்தில் இருந்தால் எல்லாம் மெதுவானதன் வேகத்துக்கு இறங்கும். 4 ஜிபி ஒன்றையும் 8 ஜிபி ஒன்றையும் இரு சேனலில் போட்டாலும் இன்டெல் போர்டுகள் ஏற்றுக்கொள்ளும். இரண்டிலும் சமமாக உள்ள 4 ஜிபி அளவுக்கு இரட்டைச் சேனலாகவும் மிச்சமுள்ள 4 ஜிபி ஒற்றைச் சேனலாகவும் ஓடும். அவசரத்துக்கு இது பாதகமில்லை. ஆனால் முழுதாக மாற்றுவதானால் ஒரே தயாரிப்பாளரின் ஒரே எண் கொண்ட இரண்டு ஸ்டிக்குகளை ஒரே நேரத்தில் வாங்கிவிடுங்கள். பின்னால் தோன்றும் பாதித் தலைவலிகள் வராமலே போகும்.

புதியதா, பழையதா என்ற கேள்விக்கு என் விடை பலருக்கு வியப்பாக இருக்கலாம். பெயர் தெரியாத புதிய ஸ்டிக்கைவிட, அலுவலகக் கணினிகளிலிருந்து கழற்றிய சாம்சங், ஹைனிக்ஸ், மைக்ரான் ஸ்டிக்குகளையே நான் விரும்புகிறேன். வெறும் பச்சைப் பலகை, வெப்பத் தகடு இல்லை, விளக்கு இல்லை. ஆனால் சிப்பின் மேல் தயாரிப்பாளரின் பெயரை நேரடியாகப் படிக்க முடியும். தகடு ஒட்டி மறைத்த ஸ்டிக்கில் உள்ளே என்ன சிப் இருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. 1.5 வோல்ட்டில் ஓடும் டிடிஆர்3-க்கு வெப்பத் தகடு தேவையும் இல்லை. 2025-இன் பிற்பகுதியில் புதிய வகை ரேம்களின் விலை கடுமையாக ஏறியபோது, பழைய கணினியையே இன்னும் சில காலம் ஓட்டலாம் என்று முடிவெடுத்தவர்களுக்கு இந்தப் பச்சைப் பலகைகள்தான் கைகொடுத்தன. சென்னை ரிச்சி தெருவில் நேரில் வாங்கினாலும் இணையத்தில் வாங்கினாலும், பழுதிருந்தால் ஒரு வாரத்துக்குள் மாற்றித் தருவதாக பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ஒரு வாரம் எதற்கு என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

கழற்றுவதும் பொருத்துவதும்

ஓவர்கிளாக் செய்திருந்தால், அதாவது குறித்த வேகத்தைவிடக் கூட்டி ஓட்டியிருந்தால், முதலில் பயாஸில் (போர்டின் அமைப்புத் திரையில்) அதை இயல்புநிலைக்குத் திருப்புங்கள். பிறகு ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்தபடி விண்டோஸில் ஷட்டவுன் கொடுங்கள். அப்போதுதான் கணினி அரைத் தூக்கத்தில் நிற்காமல் முழுதாக அணையும். மின்கம்பியைச் சுவரிலிருந்து உருவிவிட்டு, பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடியுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸில் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியில்) தேங்கியிருந்த மின்சாரம் அதில் வடியும்; போர்டின் மேல் சிறு விளக்கு எரிந்துகொண்டிருந்தால் அது மெல்ல அணைவதைப் பார்க்கலாம். அது அணையாமல் ரேமில் கை வைக்க வேண்டாம். ஸ்விட்சை மட்டும் அணைத்துவிட்டு எர்த் இணைப்புக்காகக் கம்பியை விட்டுவைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். நம் வீடுகளில் பல பிளக் பாயிண்டுகளில் எர்த் உண்மையில் இணைந்திருப்பதில்லை என்பதால் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கேபினெட்டைப் பக்கவாட்டில் படுக்க வைத்து மூடியைக் கழற்றுங்கள். எதையும் தொடுவதற்கு முன் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியை ஒரு முறை தொட்டுக்கொள்ளுங்கள். உடலில் சேர்ந்த நிலைமின்சாரம் ரேம் வழியாகப் பாயாமல் அங்கேயே சமன்படும். ஏசி அறையிலும் பாலியெஸ்டர் உடையிலும் வேலை செய்தால், இடையிடையே இதைத் திரும்பச் செய்வது நல்லது. ஆண்டுக்கணக்கில் திறக்காத கேபினெட் என்றால் உள்ளே தூசி படர்ந்திருக்கும். பழைய ரேம் ஸ்லாட்டில் இருக்கும்போதே மென்மையான பிரஷ்ஷால் சுற்றிலும் துடைத்துவிடுங்கள். ரேமை எடுத்த பின் துடைத்தால் தூசி ஸ்லாட்டுக்குள் விழும். பிளோயர் வைத்து ஊதுவதானால் மின்விசிறிகளை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும்.

இருக்கும் நிலையை ஒரு படம் எடுத்துக்கொண்டு, ஸ்லாட்டின் இரு முனைகளிலும் உள்ள பிடிகளை வெளிப்புறமாக அழுத்துங்கள். ஸ்டிக் தானாக மேலெழும். சில போர்டுகளில் ஒரு முனையில் மட்டுமே பிடி இருக்கும். கிராஃபிக்ஸ் கார்டு நீளமாக இருந்து பிடியைத் திறக்க இடமில்லை என்றால், கார்டைக் கழற்றிவிட்டே வேலை செய்யுங்கள். விரல் நுழையாத இடுக்கில் ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பினால் அது வழுக்கிப் போர்டில் கோடு கிழித்துவிடும். உயரமான கூலரின் மின்விசிறி முதல் ஸ்லாட்டின் மேல் படிந்திருந்தால், அதைக் கம்பிக் கிளிப்பிலிருந்து எடுத்துச் சற்று உயர்த்தி மாட்டலாம்.

பழைய ஸ்டிக் வாங்கியிருந்தால் பொன்னிற முனைகளை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் கிடந்தவற்றில் மங்கலான படலமோ சிறு கரும்புள்ளிகளோ தெரியும். சர்வீஸ் கடைகளில் பென்சில் அழிக்கும் ரப்பரால் தேய்ப்பது நெடுநாள் வழக்கம். மென்மையான வெள்ளை ரப்பராக இருந்து, ஓரிரு முறை மெதுவாகத் தேய்த்து, துகள்களை முழுதாகத் துடைத்துவிட்டால் அதனால் கேடில்லை. பேனா மை அழிக்கும் சொரசொரப்பான ரப்பர் மட்டும் கூடாது, பொன்முலாம் போய்விடும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கிடைத்தால், பஞ்சு ஒட்டாத துணியில் நனைத்துத் துடைத்து உலரவிடுவது அதைவிடச் சிறந்தது.

எந்த ஸ்லாட்டில் போடுவது என்பதில் போர்டின் கையேடே இறுதி வார்த்தை. இரண்டு ஸ்டிக் மட்டும் போடும்போது, நான்கு ஸ்லாட் கொண்ட பல போர்டுகளில் ஒரே நிறமுள்ள இரண்டு ஸ்லாட்டுகளில் போட்டால் இரட்டைச் சேனல் அமையும். அடுத்தடுத்த ஸ்லாட்டில் போட்டால் பல போர்டுகளில் இரண்டும் ஒரே சேனலில் போய் உட்கார்ந்துவிடும்.

பொருத்தும்போது அடிவிளிம்பின் வெட்டையும் ஸ்லாட்டின் நடுவிலுள்ள திட்டையும் நேராக வைத்துப் பாருங்கள். வெட்டு சரி நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் தள்ளியே இருக்கும் என்பதால் ஒரு திசையில் மட்டுமே பொருந்தும். பக்கவாட்டுத் தடங்களில் ஸ்டிக்கை நிறுத்தி, இரண்டு கட்டைவிரல்களையும் இரு முனைகளில் வைத்து நேர் கீழாக ஒரே சீராக அழுத்துங்கள். முதன்முறை செய்பவர் எதிர்பார்ப்பதைவிடக் கூடுதலான அழுத்தம் தேவைப்படும். போர்டு இலேசாக வளைவதுகூடத் தெரியும். அதைக் கண்டு பாதியில் நிறுத்திவிட வேண்டாம். டக்கென்ற ஒலியோடு பிடிகள் தாமாக எழுந்து ஸ்டிக்கின் காதைப் பற்றிக்கொள்ளும். பிடிகளைக் கையால் தள்ளி மூடுவது சரியன்று. அவை தாமாக மூடவில்லை என்றால் ஸ்டிக் இன்னும் முழுதாக இறங்கவில்லை. முடிந்ததும் பக்கவாட்டிலிருந்து குனிந்து பாருங்கள். பொன்னிறக் கோடு ஒரு முனையில் மட்டும் மெலிதாகத் தெரிந்தால் அந்த முனையை மீண்டும் அழுத்த வேண்டும்.

முதல் முறை இயக்கும்போது

மூடியைப் போடாமலே மின்கம்பியை மாட்டி இயக்குங்கள். புதிய ரேமைப் பழகிக்கொள்ளப் போர்டு வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் எடுக்கலாம்; ஓரிரு முறை தானே அணைந்து எழவும் செய்யலாம். ஒரு நிமிடம் பொறுங்கள்.

அதன் பிறகும் திரை இருண்டே இருந்தால் பத்தில் ஒன்பது முறை ஸ்டிக் சரியாக உட்காராததே காரணம். மின்சாரத்தை எடுத்துவிட்டு, கழற்றி மறுபடி பொருத்துங்கள். அதற்கும் வரவில்லை என்றால் ஒரே ஒரு ஸ்டிக்கை மட்டும் போட்டு இயக்குங்கள். பிறகு அதை எடுத்துவிட்டு மற்றதை அதே ஸ்லாட்டில் போடுங்கள். அடுத்து ஸ்லாட்டை மாற்றிப் பாருங்கள். குறை ஸ்டிக்கிலா ஸ்லாட்டிலா என்பது இந்த மூன்று படியில் தெளிவாகிவிடும். அடுத்த படியாக, வட்டமான சிஆர்2032 பேட்டரியைச் சில நிமிடம் எடுத்துவிட்டுத் திரும்ப மாட்டினால் பயாஸ் தன் பழைய அமைப்புகளை மறந்து புதிதாகத் தொடங்கும். பத்தாண்டு கடந்த கணினியில் அந்தப் பேட்டரியையும் அப்படியே புதியதாக மாற்றிவிடலாம். புதிய ரேம் எதுவும் ஓடாமல் பழைய ரேம் மட்டும் ஓடினால், ஸ்டிக்கரில் உள்ள அந்த ஓரெழுத்தையும் ×8 என்ற குறியையும் மறுபடி பாருங்கள்.

இரண்டு ஸ்டிக் போட்டும் ஒன்றுதான் தெரிகிறது, மாற்றி மாற்றிப் போட்டாலும் ஒரு குறிப்பிட்ட சேனல் மட்டும் எழவில்லை என்றால், பிராசஸர் சாக்கெட்டில் முனை வளைந்திருப்பதோ கூலரை ஒரு பக்கமாக இறுக்கியிருப்பதோ காரணமாகலாம். நினைவகக் கட்டுப்படுத்தி பிராசஸருக்குள்ளேயே இருப்பதால் இப்படி நேர்கிறது. கூலரின் திருகுகளைத் தளர்த்திக் குறுக்கு வரிசையில் சமமாக முடுக்கியதாலேயே காணாமல் போன சேனல் திரும்பி வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

விண்டோஸ் திறந்ததும் டாஸ்க் மேனேஜரில் மொத்த அளவையும் வேகத்தையும் பாருங்கள். சிபியு-இசட்டின் மெமரி பக்கத்தில் சேனல் இரட்டை என்று இருக்க வேண்டும். அங்கே அதிர்வெண் 800 மெகாஹெர்ட்ஸ் அளவில் காட்டினால் பதற வேண்டாம். ஒரு துடிப்புக்கு இரண்டு முறை தரவைக் கடத்துவதால் அதன் இருமடங்கான 1600 என்பதே நாம் சொல்லும் வேகம். 1333-இல் நின்றால் பயாஸுக்குள் சென்று எக்ஸ்எம்பியை (ரேம் தன் முழு வேகத்தில் ஓட அதிலேயே பதிந்திருக்கும் அமைப்பை) இயக்குங்கள். அந்த வசதி இல்லையென்றால் வேகத்தை 1600 என்று கையால் தேர்ந்தெடுக்கலாம். வோல்ட்டேஜை 1.5-க்கு மேல் ஏற்ற வேண்டாம். 16 ஜிபி போட்டும் அதில் பெரும்பகுதி ஹார்டுவேருக்கென ஒதுக்கப்பட்டதாகக் காட்டினால், எம்எஸ்கான்ஃபிக் என்ற விண்டோஸ் அமைப்புக் கருவியில் பூட் அமைப்புகளின் கீழ் உச்ச நினைவகம் என்ற பெட்டியில் யாரோ எப்போதோ டிக் செய்து வைத்திருக்கக்கூடும். அதை எடுத்துவிட்டால் சரியாகும்.

சோதிக்காமல் நம்ப வேண்டாம்

விண்டோஸ் திறந்துவிட்டது, அளவும் சரியாகத் தெரிகிறது என்றதும் பெரும்பாலானோர் மூடியை மாட்டிவிடுகிறார்கள். நானும் ஒருமுறை அப்படித்தான் செய்தேன். பழைய 8 ஜிபி ஸ்டிக் ஒன்றை வாங்கிப் போட்ட பிறகு கணினி நன்றாகவே எழுந்தது. இரண்டு நாளில், பெரிய விளையாட்டுகளை நிறுவும்போது கோப்பு சிதைந்திருப்பதாகப் பிழை வந்தது. பதிவிறக்கம் கெட்டிருக்கும் என்று நினைத்து நாற்பது ஜிபியை மறுபடி இறக்கினேன். அதே பிழை வேறொரு கோப்பில் வந்தது. ஹார்ட் டிஸ்க்கைச் சந்தேகித்து அதைச் சோதித்தேன், கேபிளை மாற்றினேன், ஒரு வாரம் ஓடிவிட்டது. கடைசியில் ரேம் சோதனையை ஓட்டியபோது நான்காவது நிமிடத்தில் சிவப்பு வரி வந்தது. அதைத் தொடர்ந்து நிற்காமல் வந்தன. அந்த ஒரு வாரத்தில் நான் வேறு வட்டுக்கு நகல் எடுத்து வைத்த குடும்பப் படங்களில் சில, பாதிக்குக் கீழே சாம்பல் நிறப் பட்டையாக மாறியிருந்தன. மூலத்தை அழிக்காமல் வைத்திருந்ததால் படங்கள் தப்பின. ஓடவே ஓடாத ரேம் நம் நேரத்தைத்தான் எடுக்கும். ஓடுவதுபோல் ஓடிக்கொண்டு இடையிடையே ஒரு பிட்டை மாற்றிவிடும் ரேம், நம் கோப்புகளைச் சத்தமில்லாமல் கெடுத்துவிடும்.

ஆகவே மெம்டெஸ்ட்86+ என்ற இலவச மென்பொருளை ஒரு பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து கணினியைத் தொடங்குங்கள். முழுச் சுற்று ஒன்றுக்கு நேரம் பிடிக்கும் என்பதால், இரவு படுக்கப் போகும்முன் தொடங்கி, நான்கு சுற்றாவது ஓடவிட்டுக் காலையில் பாருங்கள். பிழை எண்ணிக்கை சுழியமாக இருக்க வேண்டும். ஒன்றே ஒன்று வந்தாலும் அந்த ரேம் ஏற்கத்தக்கதன்று. எக்ஸ்எம்பி இயக்கிய நிலையில் மட்டும் பிழை வந்தால், அதை நிறுத்திவிட்டு 1333 வேகத்தில் மறுபடி ஓட்டிப் பாருங்கள். இயல்பு வேகத்திலும் வந்தால், ஒவ்வொரு ஸ்டிக்காகத் தனியே ஓட்டிக் குறையுள்ளதைக் கண்டுபிடித்து, பில்லில் எழுதி வாங்கிய அந்த ஒரு வாரத்துக்குள் மாற்றிக்கொள்ளுங்கள். விண்டோஸில் உள்ள நினைவகச் சோதனை முதற்கட்டத்துக்கு உதவும்; ஆனால் அது தேறியதாகச் சொன்ன ஸ்டிக்குகள் மெம்டெஸ்ட்டில் தோற்பதுண்டு.

சோதனை தேறிய பிறகு விண்டோஸில் செய்ய வேண்டியது அதிகமில்லை. ரேம் நிறைய இருக்கிறதே என்று பேஜ் ஃபைலை (இடம் போதாதபோது விண்டோஸ் நினைவகத்தில் இருப்பதை மாற்றி வைக்கும் வட்டுக் கோப்பை) அணைத்துவிடாதீர்கள். சில விளையாட்டுகள் அது இல்லாமல் இடையில் நின்றுவிடும். ரேமைத் துப்புரவு செய்வதாகச் சொல்லும் மென்பொருள்களும் வேண்டாம். அண்மையில் பயன்படுத்தியவற்றை விண்டோஸ் காலியான ரேமில் வைத்துக்கொள்வது நம் நன்மைக்குத்தான். அதை வலிந்து வெளியேற்றினால் மறுபடி வட்டிலிருந்துதான் எடுக்க வேண்டியிருக்கும்.

முதலில் திக்கி நின்ற அதே விளையாட்டின் அதே தெரு முனைக்குப் போய், மறுபடி அரை மணி நேரம் ஆடிவிட்டு டாஸ்க் மேனேஜரைப் பாருங்கள். என் கணினியில் பத்து ஜிபி சொச்சம் பயன்பாட்டில் இருந்தது; வட்டு விளக்கு அவ்வப்போது மினுக்கியதோடு சரி. கழற்றிய இரண்டு 4 ஜிபி ஸ்டிக்குகளை நான் விற்கவில்லை. நிலைமின்சாரம் தாக்காத உறையில் போட்டு, 'சோதித்தது, நல்லது' என்று தேதியோடு எழுதி, மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். பின்னொரு நாள் திரை இருண்டு நின்றால், குறை ரேமிலா போர்டிலா என்று பார்க்க நல்லதென்று உறுதியாகத் தெரிந்த ஸ்டிக் ஒன்று கையில் இருக்க வேண்டும்.